கடையில் விற்கும் தூண்டில் ஈயை வீட்டில் உட்கார்ந்து ஏன் கட்டுகிறார்கள்?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். வந்த நாளிலிருந்து வளவில் வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்து ஒரு சிறு மேசையைப் போட்டுக்கொண்டு, வைஸ் என்ற சிறிய பிடிகருவியில் தூண்டில் முள்ளைப் பிடிக்கவைத்து, அதில் சேவல் இறகையும் நூலையும் சுற்றியபடி இருக்கிறான். ‘ஃபிளை’ என்கிற இந்தச் செயற்கை ஈக்கள் அங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கும் என்று அவனே சொல்கிறான். அப்படியிருக்க, மணிக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்யும் இந்த வேலையில் என்ன சந்தோஷம் இருக்கிறது என்று கேட்கிறார்.

ஆச்சி, மீன் எதைத் தின்கிறது என்று தான் ஊகித்ததை உங்கள் பேரன் கையால் செய்து பார்க்கிறான். அந்த ஊகம் சரியா, தவறா என்று மீனே வந்து தீர்ப்புச் சொல்கிறது. வாங்கிய ஈயில் மீன் மாட்டினால் மீன் கிடைத்த மகிழ்ச்சி மட்டும் உண்டு. கட்டிய ஈயில் மாட்டினால், தான் நினைத்தது சரி என்ற மகிழ்ச்சியும் சேர்ந்துகொள்ளும். மற்ற காரணங்களும் உண்டு என்றாலும் அவை இதற்கு அடுத்தபடிதான் என்பது என் கருத்து.

இது விளங்க, இந்தத் தூண்டில் நம் தூண்டிலிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்க்கவேண்டும். நம் கண்மாய்க்கரையில் மண்புழுவையோ பிசைந்த மைதாவையோ முள்ளில் குத்தி, சோளத்தட்டையில் ஒரு தக்கை கட்டி, ஈயக்குண்டு ஒன்றையும் சேர்த்து எறிகிறோம். குண்டின் கனம் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இரையின் வாசனை மீனைக் கூப்பிடுகிறது. செயற்கை ஈக்கோ கனமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு கிராமில் சிறு பங்குகூடத் தேறாத அதை எறிந்தால் காலடியிலேயே விழும். ஆகவே கயிற்றையே கனமாகச் செய்து, பிளாஸ்டிக் பூச்சிட்ட அந்தக் கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி விரித்து, அதன் முனையிலுள்ள மெல்லிய நரம்போடு ஈயை நீரின்மேல் இறக்குகிறார்கள். நுகர்ந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லாததால் மீன் கண்ணை நம்பித்தான் வாயைத் திறக்கவேண்டும். உருவம், அளவு, நிறம், நீரில் அது மிதக்கும் விதம் ஆகிய நான்கையும் வைத்தே அந்த மீனை ஏமாற்றியாகவேண்டும்.

அவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை. அதன் உணவில் பெரும்பகுதி நீர்ப்பூச்சிகள். மேஃபிளை என்ற பூச்சியை எடுத்துக்கொண்டால், அது பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும், ஓடைக் கற்களுக்கு அடியில் இளம்பூச்சியாகக் கிடந்துவிட்டு, பிறகு நீர்மட்டத்துக்கு வந்து தோலுரித்து, சிறகு முளைத்துப் பறக்கிறது. பறக்கத் தொடங்கியபின் அது எதையும் உண்பதில்லை. ஓரிரு நாளில், சில இனங்கள் சில மணி நேரத்திலேயே, முட்டையிட்டு மடிந்துவிடும். ஒரே மாலையில் ஆயிரக்கணக்கில் அவை எழும்பும்போது, டிரவுட் அந்த ஒரே பூச்சியை மட்டும் குறிவைத்துத் தின்னும். அளவோ நிறமோ சற்று மாறிய ஈயை முகத்துக்கு நேரே விட்டாலும் திரும்பிப் பாராது. கொழுத்த மீன்கள் கண்ணெதிரே எழும்பி எழும்பித் தின்றுகொண்டிருக்க, பெட்டியிலிருக்கும் ஓர் ஈயையும் அவை சீண்டாத அந்த மாலைதான் பலரை வீடு திரும்பியதும் வைஸின் முன்னால் உட்காரவைக்கிறது.

நம் ஊரிலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் அந்தியில் கண்மாய் ஓரத்தைக் கவனித்தால், சிறகு நனைந்து விழுந்த ஈசல்களைக் கெண்டையும் சிலேபியும் மேலே வந்து உறிஞ்சுவதைக் காணலாம். அந்த நேரத்தில் அவற்றுக்கு மண்புழு நினைவில் இல்லை. பழுப்பு நூலில் உடம்பும், சாம்பல் இறகில் நீண்ட சிறகும் வைத்து ஓர் ஈசலை உங்கள் பேரன் கட்டிவைத்திருந்தால், அந்த அந்தியில் அவன் கேள்விக்கு உடனே பதில் கிடைத்துவிடும்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய நாட்டார் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, மெழுகு நிறச் சேவல் இறகுகள் இரண்டைக் கட்டி ஆற்று மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். அங்கே நீரின்மேல் பறக்கும் ஒரு பூச்சியையே மீன்கள் விரும்பித் தின்றன. அதைக் கையில் பிடித்தால் நிறமும் சிறகும் கெட்டுவிடும் என்பதால்தான் போலியைச் செய்தார்கள் என்று காரணத்தையும் சொல்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று 12 ஈக்களை எந்தெந்த மாதத்துக்கு எது என்று பிரித்துச் சொல்கிறது. மாதவாரியாகப் பிரிக்கவேண்டுமானால், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி எழும்புகிறது என்று யாரோ ஆண்டுக்கணக்கில் ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கவேண்டும்.

காசு மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பவேண்டாம். அமெரிக்காவில் ஓர் ஈ இரண்டு, மூன்று டாலருக்குக் கிடைக்கும். அவற்றில் பெரும்பகுதி கென்யாவிலும் தாய்லாந்திலும் இலங்கையிலும் தேர்ந்த கைகள், பெரும்பாலும் பெண்கள், பட்டறைகளில் உட்கார்ந்து கட்டியவை. நாளெல்லாம் கட்டுகிற அந்தக் கைகளின் ஒழுங்கு, வாரக் கடைசியில் மட்டும் வைஸைத் தொடுபவருக்கு எளிதில் வராது. வைஸ், நூல் உருளையைப் பிடிக்கும் பாபின், கத்தரி, இறகு, ரோமம், நூல், மெழுகு என்று வாங்கத் தொடங்கியவர் செலவழித்த தொகைக்குக் கடையிலேயே ஆயுளுக்கும் போதுமான ஈக்களை வாங்கியிருக்கலாம். வீட்டில் கட்டியது கடை ஈயைவிட நன்றாக மீன் பிடிக்கும் என்ற வாதமும் பொதுவாக நிற்காது. கடையில் கிடைக்காத அளவும் நிறமும் தேவைப்படும்போதுதான் அது நிற்கும்.

ஆகவே கவனிப்புக்கே திரும்ப வருகிறோம். லண்டனில் வழக்குரைஞராக இருந்த ஜி.இ.எம். ஸ்கூஸ் என்பவர், எலும்பு மஜ்ஜையைச் சுரண்டும் நீண்ட குறுகிய கரண்டி ஒன்றை ஆற்றுக்கு எடுத்துச் செல்வார். பிடித்த டிரவுட்டின் வயிற்றிலிருப்பதை அதனால் எடுத்து, வெள்ளைத் தட்டில் நீர் விட்டு அதில் கரைத்துப் பார்ப்பார். மீன் மேலே எழும்பித் தின்பதுபோல் தெரிந்தாலும், பல சமயம் அது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இளம்பூச்சிகளைத்தான் உண்கிறது என்று இப்படிக் கண்டு, அதற்கேற்ற ஈக்களைக் கட்டினார். மிதக்கும் ஈயைத் தவிர வேறெதுவும் கூடாது என்று இருந்த அன்றைய கனவான்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. மீன் ஸ்கூஸின் பக்கம் இருந்தது.

ஃபிராங்க் சாயர் இன்னும் ஒரு படி மேலே போனவர். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் காவலர் வேலையில் இருந்த அவர், ஒரு வகை இளம்பூச்சி நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டவைத்துக்கொள்வதைக் கண்டார். அதனால் தம் ஈயில் காலாக நிற்கும் இறகே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஃபெசன்ட் பறவையின் வால் இறகில் சில இழைகளும், மெல்லிய செம்புக் கம்பியும் போதும் என்றார், நூல்கூடக் கிடையாது. அந்தக் கம்பியே கட்டும் நூலாகவும், ஈயை அடியாழத்துக்கு இறக்கும் கனமாகவும், உடம்பில் மின்னும் வரியாகவும் மூன்று வேலை செய்கிறது. இவ்வளவு சிக்கனமான ஈ இன்றும் உலகெங்கும் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒன்றைக் கட்டும்போது, எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடலாம் என்று யோசிப்பதில்தான் கட்டுபவருக்கு ருசி.

உங்கள் பேரன் மிச்சிகனில் இருப்பதால், அவன் கட்டுவது ‘ஆடம்ஸ்’ என்ற ஈயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1922இல் அதே மாநிலத்தில் லெனார்டு ஹாலடே என்பவர் தம் நண்பர் சார்லஸ் ஆடம்ஸுக்காகக் கட்டிய ஈ அது. அடுத்த முறை அவன் உட்காரும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுப் பாருங்கள். முதலில் வெறும் முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி ஒரு படுக்கை போடுவான். இல்லாவிட்டால் மேலே கட்டுவதெல்லாம் வழுக்கிச் சுழலும். பழுப்பும் கறுப்பு வெள்ளை வரியும் கலந்த சில இறகு இழைகளை வாலாகக் கட்டுவான். பிறகு மெழுகு தடவிய நூலில் சாம்பல் ரோமத்தைத் துளித்துளியாக ஒட்டவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரே திசையில் முறுக்குவான். ரோமம் கொஞ்சம் கூடினாலும் ஈ கம்பளிப்பூச்சியாகிவிடும். இருப்பதே தெரியாத அளவு எடுப்பதுதான் சரியான அளவு. இறகு நுனிகள் இரண்டைச் சிறகாக நிமிர்த்தியபின் வருவது முக்கியமான கட்டம். சேவலின் கழுத்து இறகு இரண்டை, ஒன்று பழுப்பு, ஒன்று வரி இறகு, நடுத்தண்டு விளிம்பில் நிற்கும்படி பிடித்து, சிறகின் முன்னும் பின்னும் சுற்றவேண்டும். தண்டு முள்ளைச் சுற்றி வளையும்போது அதன் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, நான்கு பக்கமும் செங்குத்தாக விரிந்து நிற்கும். அந்த இழை நுனிகளின்மேல்தான் ஈ நீரில் நிற்கப்போகிறது. கடைசியில் முள்ளின் கண்ணுக்குப் பின்னால் நூலை அதன்மேலேயே சுற்றி முடிச்சிட்டு, ஒரு துளி வார்னிஷ் வைத்தால் முடிந்தது. பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. புதியவர் இதற்குள் நூலை நாலு தரம் அறுத்திருப்பார்.

நகரத்தார் வீட்டுப் பெண்மக்கள் பனையோலையைச் சாயமேற்றி, நறுக்கி, கொட்டான் முடைவதை நீங்கள் அறிவீர்கள். ஒருவேளை நீங்களே முடைந்திருக்கலாம். பிளாஸ்டிக் கூடை பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கேட்பவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதில் பாதி உங்கள் பேரனுக்கும் பொருந்தும். கை ஒரே சீரில் நகரும்போது மனம் அலைபாய்வதில்லை. ஓலையின் பதம் விரலுக்குத் தெரிவதைப் போல நூலின் இழுவை விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. மறுபாதிதான் பொருந்தாது: கொட்டானைப் பார்த்து நல்ல கொட்டான் என்று சொல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், ஈயைப் பார்த்துச் சொல்ல மீன் மட்டுமே இருக்கிறது, அது அழகுக்கு மதிப்பெண் தருவதில்லை.

மனம் நிலைகொள்வது வெறும் பேச்சு அல்ல. அமெரிக்காவில் போரில் காயப்பட்ட இராணுவத்தினருக்காக 2005இல் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் தொடங்கிய ‘புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்’ என்ற அமைப்பு, அவர்களுக்கு ஈத்தூண்டில் வீசுவதோடு ஈ கட்டவும் கற்றுக்கொடுக்கிறது. விரல்களுக்கு மீண்டும் நுட்பம் வருவதற்கும், உள்ளத்தை ஒரே புள்ளியில் நிறுத்துவதற்கும் ஓர் அங்குலத்துக்குக் குறைவான ஒரு முள் போதுமானதாக இருக்கிறது.

மீனே வேண்டாம், கட்டுவது மட்டும் போதும் என்று இருந்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் மின்சாரம் இல்லாத ஒரு குடிலில் வாழ்ந்த மேகன் பாய்ட் பல பத்தாண்டுகள் சால்மன் ஈக்களைக் கட்டினார். அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர். ஆனால் அவர் தூண்டில் பிடித்து மீன் பிடித்தவர் அல்லர். 1971இல் பிரிட்டிஷ் அரசு பதக்கம் அறிவித்தபோது, தம் நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் அரண்மனைக்கு வர இயலாது என்று தெரிவித்துவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

இந்த ஆசைக்கு இருண்ட பக்கமும் இருக்கிறது. விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்கள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அரிய பறவைகளின் இறகுகளால் கட்டப்பட்டவை. மீனுக்கு அந்த இறகுகள் தேவையே இல்லை. பழைய குறிப்பில் எழுதியிருக்கிறபடியே கட்டவேண்டும் என்ற பிடிவாதம் கட்டுபவர்களுக்கு. 2009இல் லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவர், டிரிங் என்ற ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். ஈ கட்டுபவர்களுக்கு விற்பதற்காக. அவற்றில் சில, டார்வின் காலத்து இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் திரட்டியவை.

இறகு என்றதும் நம் நாடும் இதில் சேர்ந்துவிடுகிறது. சால்மன் ஈக்களின் பக்கவாட்டில் கண்ணாக வைக்கும் சிறிய, மெழுகுத் துளி பதித்தது போன்ற இறகு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்து வருவது. அந்தப் பறவையை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாறாக, இந்திய நாட்டுச் சேவலின் கழுத்துத் தோல் பல பத்தாண்டுகள் மேற்கு நாடுகளில் ஈ கட்டுபவர்களின் அன்றாடச் சரக்காக இருந்தது. பிறகு அங்கேயே இறகுக்காகவென்று சேவல் வளர்க்கும் பண்ணைகள் வந்தன. அவற்றின் இறகு நீளமும் விறைப்பும் கூடியது. இருந்தாலும் ‘இந்தியக் கழுத்து’ இன்றும் அவர்கள் விலைப்பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாட்டுச் சேவல் அடிக்கும்போது கழுத்துத் தோலை இறகோடு உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உப்பைத் தேய்த்து நிழலில் காயவைத்துக் கொடுங்கள். வேறெந்தப் பரிசையும்விட அவன் மகிழ்வான்.

குன்றக்குடிப் பக்கம் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகைப் பார்த்ததும் அவன் கை துறுதுறுக்கும். அதன் பச்சை மின்னும் இழைகள் ஈயின் உடம்புக்கு மிகச் சிறந்தவை. நனைந்தபின்னும் அந்த மினுமினுப்பு மங்காது. தானாக உதிர்ந்ததை எடுத்து இங்கேயே பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பெட்டியில் ஓர் இறகுகூட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காயவைத்த சேவல் தோலையும் இங்கே இருக்கும்வரை பயன்படுத்தச் சொல்லுங்கள். கோழி இனப் பொருள்களில் அமெரிக்கச் சுங்கத்தினர் கறாரானவர்கள்.

அவன் கட்டுகிற பருவத்தையும் நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும். மிச்சிகனின் பெரும்பாலான டிரவுட் ஓடைகளில் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரைதான் மீன்பிடிப்புக் காலம். மற்ற மாதங்களில் பெரும்பாலும் பனி மூடியிருக்கும். அந்த மாதங்களில் கட்டுவதுதான் அவர்களுக்கு ஆற்றங்கரை. ஒவ்வொரு முள்ளிலும் இறகைச் சுற்றும்போது, இது அந்த வளைவில், அந்தப் பாறைக்குக் கீழே விழும் என்று மனத்தில் ஓர் ஓடை ஓடிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்தில் இது தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் கண்மாய்கள் சித்திரைக்குள் வற்றிவிடுகின்றன. கட்டும் காலம் இங்கே கோடை.

தண்ணீர் இருக்கும்போது வந்திருந்தால் அவன் கட்டியதை இங்கேயே சோதித்துப் பார்க்கலாம். டிரவுட் வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் போகவேண்டும். அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய குஞ்சுப் பொரிப்பகத்தின் வழிவந்த டிரவுட் அங்கே இருக்கிறது. ஆனால் காரைக்குடியைச் சுற்றி ஈக்கு மசியும் மீன் இல்லாமலில்லை. சிலேபி சிறிய இளம்பூச்சி ஈயை நன்றாக எடுக்கும். விரால் இன்னும் சுவாரசியமானது. அது காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வந்தே ஆகவேண்டிய மீன் என்பதால், குமிழி எழும் இடமே அதன் முகவரி. நம்மவர்கள் அதற்குத் தவளையைக் குத்திப் போடுவார்கள்; அவன் மிதக்கும் ஃபோம் துண்டில் ரப்பர் கால் வைத்து ஒரு தவளையைக் கட்டி, பாசியில் சிக்காதபடி முள்ளின் முனையை நரம்பு வளையத்தால் மறைத்து, அல்லி இலைகளுக்கு இடையே இழுத்து வரட்டும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விராலைமட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அதை எடுத்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

குடிநீர் ஊருணி எதிலும் தூண்டில் போடக்கூடாது. கண்மாய்களில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் யார் என்று ஊரில் விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. இறகை வைத்து மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். சிலேபிக்கு 12, 14ஆம் எண் முள் போதும். விராலுக்குப் பெரிய, தடித்த முள் வேண்டும். அதன் வாயில் கூரிய பற்கள் இருப்பதால் விரலை விட்டுக் கழற்ற முயலாமல், நீண்ட மூக்குக் குறடு ஒன்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.